கம்பியில் பின்னலாம் கழுத்து நகை... கூலியையும் கணக்கில் எழுதுங்கள்!



"வீட்டில் இருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க ஏதாவது கைத்தொழில் சொல்லுங்களேன்" என்று வாசகிகள் பலர் கேட்டு எழுதுகிறார்கள். ஊறுகாய், அப்பளம், தையல், ஆரி வேலை என்று தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லிவிட்டார்கள். நான் ஆறு வருஷமாகச் செய்துவரும் ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். மெல்லிய செம்புக் கம்பியை நூல் மாதிரி பின்னி நெக்லஸ், தோடு, வளையல் செய்வதுதான் அது. அடுப்பு வேண்டாம், பற்றவைக்க வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். குரோஷா தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை தெரிந்த மாதிரிதான்.

நாங்கள் இருப்பது திருச்சி உறையூரில். என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் கல் வேலை. செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது திருச்சி பக்கம் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து செய்வார்கள். வெளிநாட்டிலிருந்து மிஷினில் வெட்டிய கல் வந்து குவிந்த பிறகு கையால் தீட்டும் கல்லுக்கு மவுசு குறைந்துபோயிற்று. என் கணவரும் பட்டறையை மூடிவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போக ஆரம்பித்தார். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, ஒரே சம்பளம். நான் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கே புரியும்.

என் தம்பி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அங்கே ரீல் ரீலாகச் செம்புக் கம்பி இருக்கும். ஒருநாள் மீதமிருந்த ஒரு சின்ன ரீலை என் மகள் விளையாட எடுத்து வந்தாள். தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிமன்தான், வெயிலில் பிடித்தால் தங்க இழை மாதிரி மின்னியது. ஸ்கூலில் படிக்கும்போது கிராஃப்ட் டீச்சர் சொல்லிக்கொடுத்த குரோஷா ஊசி பெட்டியில் இருந்தது. அதை எடுத்துப் பின்னிப் பார்த்தேன். பின்ன வந்தது. அங்கேதான் ஆரம்பம்.

என்னென்ன வேண்டும்?

முதலில் கம்பி. காயில் கட்டும் கடைகளிலும் அதற்குப் பொருள் விற்கும் எலெக்ட்ரிக்கல் கடைகளிலும் எடை போட்டுக் கொடுப்பார்கள். நம்பர் சொல்லிக் கேட்க வேண்டும். நம்பர் கூடக்கூடக் கம்பி மெலிதாகும், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 30 நம்பர் கம்பி ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் கனம். 32 நம்பர் அதைவிட மெலிது. குரோஷா பின்னலுக்கு இந்த இரண்டும்தான் சரி. 34-க்கு மேல் போனால் பின்னும்போதே அறுந்து உயிரை வாங்கும். 26-க்குக் கீழே போனால் விரல் வலிக்கும், கண்ணி வளையாது.

காயில் கம்பியில் ஒரு பெரிய சௌகரியம், அதன் மேல் இனாமல் பூசியிருக்கும். மோட்டாருக்குள் ஒரு சுற்றுக்கும் இன்னொரு சுற்றுக்கும் கரண்ட் தாவாமல் இருக்கப் பூசியது. நமக்கு அது வேறு விதத்தில் உதவுகிறது. வெறும் செம்பு வியர்வை பட்டால் கறுக்கும், கழுத்தில் பச்சையாக ஒட்டும். இனாமல் பூசிய கம்பி லேசில் கறுக்காது, தோலிலும் பச்சை இறங்காது. வேறு வேறு நிறத்தில் பூசிய கம்பியும் கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. விலைதான் கூடுதல். பழகும்வரை காயில் கம்பியே போதும்.

32 நம்பர் கம்பி 100 கிராம் வாங்கினால் சுமார் 190 மீட்டர் இருக்கும். ஐந்து இழை நெக்லஸ் ஒன்றுக்கு ஏறக்குறைய 10 மீட்டர் பிடிக்கும். சேதாரம் போக, 100 கிராமில் 15 நெக்லஸ் தாராளமாகப் பின்னலாம்.

இரண்டாவது, குரோஷா ஊசி. இரண்டரை மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. ஸ்டீல் ஊசியாகப் பாருங்கள். பிளாஸ்டிக் ஊசியின் மூக்கைக் கம்பி நாலே நாளில் அறுத்துவிடும். மூன்றாவது, மூக்கு நீண்ட குறடு ஒன்று, கம்பி வெட்ட கட்டர் ஒன்று. பிறகு மணிகள். கண்ணாடி மணி, முத்து மணி, பழைய கவரிங் மாலையில் அறுந்த மணி, எது கையில் இருக்கிறதோ அது. துளை வழியாகக் கம்பி போக வேண்டும், அவ்வளவுதான். கடைசியாகக் கொக்கி, வளையம், இழைகளின் முனையை மூடுகிற கூம்பு மாதிரி மூடி இரண்டு. இவை கவரிங் நகை செய்யும் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

பின்னுவது எப்படி?

1. ஒரு இழைக்கு எத்தனை மணி வேண்டுமோ அத்தனையையும் முதலிலேயே கம்பியில் கோத்து ரீல் பக்கம் தள்ளிவிடுங்கள். பின்ன ஆரம்பித்த பிறகு நடுவில் மணி சேர்க்க முடியாது. இரண்டு நிறம் மாறிமாறி வர வேண்டுமானால், கடைசியில் வரவேண்டிய மணியை முதலில் கோக்க வேண்டும்.

2. கம்பியை ரீலிலிருந்து வெட்டாதீர்கள். அரை அடி வால் விட்டு ஒரு சுருக்குப் போட்டு, ஊசியை நுழைத்து, குரோஷா நூலில் போடுகிற மாதிரியே சங்கிலிக் கண்ணி போட்டுக்கொண்டே போங்கள்.

3. மூன்று கண்ணி வெறுமையாக, நான்காவது கண்ணியில் ஒரு மணி. மணியை ஊசிக்குப் பக்கத்தில் தள்ளி, அதற்கு அந்தப்புறம் கம்பியைப் பிடித்து இழுத்தால் மணி கண்ணிக்குள் மாட்டிக்கொள்ளும்.

4. நூலில் இழுப்பது போல இறுக்கி இழுக்கக் கூடாது. கண்ணி தளதளவென்று இருக்கட்டும். முதலில் கோணல்மாணலாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐந்து இழையையும் சேர்த்துப் பிடிக்கும்போது அந்தக் கோணலே அழகாகிவிடும்.

5. பிரித்துப் பின்னுவது கம்பியில் நடக்காது. வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தினால் செம்பு விறைத்துப்போய் ஒடிந்துவிடும். ஒரு கண்ணி சரியில்லை என்றால் விரலால் நீவி அப்படியே விட்டுவிடுங்கள்.

6. முக்கால் முழம் முதல் ஒரு முழம் வரை நீளமுள்ள ஐந்து இழை தயாரானதும், முனைகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, மூடிக்குள் நுழைத்து, வெளியே வந்த கம்பியில் வளையம் போட்டு, கொக்கியை மாட்டுங்கள். வெட்டிய முனை மூடிக்குள் மறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புடவைத் தலைப்பையும் பின்கழுத்து முடியையும் பிடித்து இழுக்கும்.

ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவர்கள் இரண்டு ஊசியிலேயே கம்பியைப் பின்னலாம். பத்துப் பன்னிரண்டு கண்ணி எடுத்துக்கொண்டு ஒரு ஜாண் நீளம் பின்னினால் கை வளையலுக்கு அகலமான பட்டை கிடைக்கும். நூல்கண்டுக் கட்டையின் தலையில் நாலு ஆணி அடித்து, அதில் கம்பியைச் சுற்றி, கண்ணியைத் தூக்கித் தூக்கிப் போட்டால் கட்டையின் துளை வழியாகக் குழாய் மாதிரிப் பின்னல் இறங்கும்.

அந்தக் குழாய்ப் பின்னலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பட்டறை மூடியபோது மிஞ்சிய கற்கள் ஒரு தகர டப்பா நிறைய இருந்தன. பட்டை தீட்டிய கல்லில் துளை இருக்காது, கோக்க முடியாது. பத்தரிடம் கொடுத்துப் பதிக்கலாம் என்றால் அதற்குத் தனிச் செலவு. அதனால் கண்ணியை நெருக்கமாகப் பின்னி, குழாய்க்குள் ஆறு மில்லி, எட்டு மில்லி கற்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் கம்பியால் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். வலைக்குள் மின்மினியைப் பிடித்துப் போட்ட மாதிரி இருந்தது. என்னவர் வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் தீட்டின கல்லும்மா இது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பவுன் கேட்ட பெரியம்மா

மூன்று வருஷத்துக்கு முன் என் கணவருக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டியதாகிவிட்டது. என் தாலிச் சங்கிலியும் ஒரு ஜோடித் தோடும் அடகுக்குப் போயின. தாலி மஞ்சள் கயிற்றில் ஏறியது. அடுத்த இரண்டே மாதத்தில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வீடு, சீர் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நிற்க வேண்டும்.

"மூளிக் கழுத்தோட சபையில நிக்காதம்மா. கவரிங்காவது ஒண்ணு வாங்கிப் போட்டுக்க" என்றார் என் மாமியார். அவர் சொன்னதில் தப்பில்லை, ஊர் வாய்க்குப் பயந்து சொன்னார். நான் ஒரு வாரம் ராத்திரி உட்கார்ந்து, ஏழு இழையில் சிவப்பு மணியும் எங்கள் வீட்டுக் கல்லும் வைத்து ஒரு நெக்லஸ் பின்னினேன். அரக்கு நிறப் பட்டுப்புடவைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் தூரத்து உறவுப் பெரியம்மா ஒருவர் கிட்டே வந்து தொட்டுப் பார்த்து, "எத்தனை பவுனுடி இது? புது டிசைனா இருக்கே" என்றார். பக்கத்தில் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பவுன் இல்ல பெரியம்மா. காப்பர் கம்பி. நானே பின்னினது."

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பிறகு அந்தப் பெரியம்மாவே, "எம் மருமகளுக்கு ஒண்ணு பின்னித் தர்றியா? என்ன காசோ வாங்கிக்க" என்றார். மண்டபத்தை விட்டுக் கிளம்புவதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அடகில் இருந்த நகை அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அடகில்தான் இருந்தது. ஆனால் வட்டியை மாதாமாதம் கட்டியது இந்தக் கம்பிதான்.

புத்தகத்தில் இருக்கும் நம்ம ஊர் பெயர்

இது ஏதோ புதுசாக வந்த பேஷன் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகள் கல்லூரியில் சரித்திரம் படிக்கிறாள். அவள் நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்ன விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஐரோப்பாவில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே வெள்ளிக் கம்பியைக் கண்ணி கண்ணியாகக் கோத்துச் சங்கிலி செய்திருக்கிறார்கள். 1774-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வெள்ளீயச் சுரங்க வேலை செய்தவர்கள் ட்ரிவிடில் என்ற இடத்தில் ஒரு புதையலை எடுத்தார்கள். கூடவே இருந்த நாணயங்களை வைத்து அது கி.பி. 868 வாக்கில் புதைக்கப்பட்டது என்று கணக்கிடுகிறார்கள். அதில் வெள்ளிக் கிண்ணத்தோடு, வெள்ளிக் கம்பியால் பின்னிய ஒரு சாட்டையும் இருந்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் பிர்கா என்ற பழைய வியாபார ஊரின் கல்லறைகளிலும் இந்த மாதிரிக் கம்பிப் பின்னல் கிடைத்திருக்கிறது.

இந்தப் பின்னலுக்குத் தொல்பொருள் ஆராய்ச்சிப் புத்தகங்களில் என்ன பெயர் தெரியுமா? 'டிரிச்சினாப்பொலி'! நம்ம திருச்சிராப்பள்ளியைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள். 19-ம் நூற்றாண்டில் திருச்சிப் பத்தர்கள் செய்த தங்க, வெள்ளிக் கம்பிச் சங்கிலிகள் இங்கிலாந்து வரை பேர் போனவை. மண்ணுக்கடியில் கிடைத்த பழைய சங்கிலி பார்க்க அதைப் போலவே இருந்ததால், அந்த வேலைக்கே நம் ஊர் பெயரை வைத்துவிட்டார்கள். திருச்சிக்காரர்கள் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்ததாக அர்த்தமில்லை. வேலை ஒத்திருந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் காலத்துக்கு வந்தால், அமெரிக்காவில் ஆர்லின் ஃபிஷ் என்று ஒரு அம்மையார். 1931-ல் பிறந்தவர். நெசவு, பின்னல், குரோஷா எல்லாவற்றையும் உலோகக் கம்பியில் செய்ய முடியும் என்று காட்டி, 1975-ல் அதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். செம்புக் கம்பியைப் பின்னி ஜெல்லி மீன்கள் செய்து மியூசியத்தில் தொங்கவிட்டிருக்கிறார். பெண்கள் பொழுதுபோக்குக்குச் செய்வது என்று ஒதுக்கிவைத்த வேலை, அவர் கையில் மியூசியம் ஏறியது.

இந்தப் பழைய பின்னலையும் நான் கற்றுக்கொண்டேன். ஆர்வமுள்ளவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதற்கு ஊசி வேண்டாம். 26 நம்பர் கம்பி, ஒரு பென்சில் போதும். கம்பியில் ஐந்து வளையம் செய்து பூவிதழ் மாதிரி விரித்து, பென்சில் தலையில் கவிழ்த்துக் கட்டுங்கள். ஒரு மீட்டர் கம்பி எடுத்து, ஒவ்வொரு இதழிலும் நுழைத்து, தன்னையே குறுக்கே தாண்டும்படி சின்னக் கண்ணி போட்டுக்கொண்டு சுற்றி வாருங்கள். அடுத்த சுற்றில், மேல் கண்ணி குறுக்கே தாண்டுகிற இடத்துக்குப் பின்னால் கம்பியை நுழைத்து இழுக்க வேண்டும். இப்படியே பென்சிலைச் சுற்றி வலைக்குழாய் வளரும். கம்பி தீர்ந்தால் புதுக் கம்பியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியில்தான் வேடிக்கை. ஒரு மரப்பலகையில் 7, 6, 5 மில்லிமீட்டர் என்று துளை போட்டுக்கொள்ளுங்கள். தச்சரிடம் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் போட்டுக் கொடுப்பார். பின்னலைப் பென்சிலிலிருந்து உருவி, பெரிய துளையில் நுழைத்து இழுத்து, அடுத்த துளை, அடுத்த துளை என்று இழுத்தால் கரடுமுரடாக இருந்த குழாய் மெலிந்து, நீண்டு, பாம்பு மாதிரி வழவழவென்று வளையும். முதல் தடவை பார்க்கும்போது நம் கைதான் இதைச் செய்ததா என்று இருக்கும்.

மாமியார் போட்ட கணக்கு

இனிமேல்தான் நான் எழுத நினைத்த முக்கியமான விஷயம்.

எங்கள் பக்கத்துப் பேன்சி ஸ்டோர் ஒன்றில் ஐந்து இழை நெக்லஸ் பன்னிரண்டு கேட்டார்கள். ஒன்றுக்கு 110 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். பின்னிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது அதே நெக்லஸ் கண்ணாடிக்குள் 350 ரூபாய்ச் சீட்டோடு தொங்கியது. கடைக்கு வாடகை, கரண்டு, ஆள் சம்பளம் எல்லாம் உண்டு, லாபம் வைக்காமல் விற்க முடியாது. அது எனக்குத் தெரியும். "அடுத்த தடவை கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்" என்று கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்தான் மனதில் தைத்தது. "வீட்ல சும்மா இருக்கற நேரத்துல பின்றீங்க. அதுக்கு எதுக்கும்மா கூலி?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் மாமியார் சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு, "கம்பி, மணி, கொக்கி எல்லாம் சேர்த்து உனக்கு என்ன ஆகுது?" என்று கேட்டார்.

"அறுபது ரூபா அத்தை."

"பின்ன எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

"அப்ப அம்பது ரூபாய்க்கு நாலு மணி நேரம். மணிக்குப் பன்னெண்டரை ரூபா" என்று வாயாலேயே கணக்குப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் முப்பது வருஷம் ஒயர் கூடை போட்டேம்மா. இந்தத் தெருவுல பாதிப் பேர் நான் போட்ட கூடையிலதான் காய் வாங்கினாங்க. எல்லார்கிட்டயும் ஒயர் காசு மட்டும்தான் வாங்கினேன். பழகினவங்ககிட்ட கூலி கேட்கக் கூச்சம். உன் மாமனார் ஒரு கல்லைத் தீட்டினா அதுக்குக் கூலி எழுதி வைப்பார். நான் கூடை போட்டதை யாரும் எழுதல. நானும் எழுதல" என்றார்.

அதற்குமேல் அவர் பேசவில்லை, கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. புத்தகத்தில் திருச்சிப் பெயர் இருக்கிறது, சரி. அந்தச் சங்கிலியைச் செய்த கைகளின் பெயர் எங்கே? ஸ்ரீரங்கத்தில் பூ கட்டும் அக்காகூடக் கட்டுக்கூலி என்று தனியாகக் கேட்டு வாங்குகிறார். அவருக்கு இருக்கும் தெளிவு நமக்கு ஏன் இல்லை?

மறுநாள் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நாலு கட்டம் போட்டேன். சாமான் செலவு, பின்னிய நேரம், என் கூலி, விற்ற விலை. ஒவ்வொரு நகைக்கும் ஒரு வரி. கூலியை மணிக்கு 40 ரூபாய் என்று நானே நிர்ணயித்துக்கொண்டேன். சாமான் 60, கூலி 160, ஆக 220 ரூபாய்க்குக் குறைத்துத் தருவதில்லை. கடைக்காரர் ஒத்துவரவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது தெரிந்தவர்கள் மூலமாகவும், கல்யாண வீடுகள் மூலமாகவும், மகளின் கல்லூரித் தோழிகள் மூலமாகவும் ஆர்டர் வருகிறது. எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்காது. ஆடியில் ஒன்றும் ஓடாது, ஐப்பசியிலும் தையிலும் மூச்சுவிட நேரமிருக்காது. கையில் நிற்பது பெரிய தொகை என்று சொல்லமாட்டேன். மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு இதிலிருந்து போகிறது.

அந்த நோட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மணி கோத்துக் கொடுப்பது என் மாமியார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் தட்டில் மணியைக் கொட்டி, நிறம் பிரித்துக் கோப்பார். அவர் பெயர் எழுதி அவருக்கும் கூலி போடுகிறேன். முதல் மாதம் பணத்தைக் கொடுத்தபோது, "எனக்கெதுக்குடி?" என்றார். ஆனால் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். எந்தக் கோயிலுக்குப் போனாலும் உண்டியலில் போட இப்போது மகனிடம் கேட்பதில்லை.

கவனிக்க வேண்டியவை

கம்பியை வெட்டும்போது துண்டு தெறிக்கும். வெட்டுகிற முனையை இன்னொரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். கண்ணில் பட்டால் ஆபத்து. வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாமல் ஒரு டப்பாவில் சேருங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மணியும் கம்பியும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பகல் வெளிச்சத்தில் பின்னுவது நல்லது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து கண்ணுக்கும் கழுத்துக்கும் ஓய்வு கொடுங்கள். ஆட்காட்டி விரலில் துணிப் பிளாஸ்திரி ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் கம்பி அறுக்காது.

சிலருக்குக் கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும். கொக்கியில் இருக்கும் நிக்கல் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் காதுக் கொக்கியை மட்டும் வெள்ளியில் வாங்கி மாட்டிக் கொடுங்கள்.

வாங்குகிறவர்களிடம் இதையும் சொல்லிக் கொடுங்கள்: குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும். சென்ட் அடித்துக்கொண்ட பிறகுதான் போட வேண்டும். புளி, பவுடர் போட்டுத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இனாமல் போய்விடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துத் தனி டப்பாவில் வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். முக்கியமாக, இது செம்பு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்க வேண்டும்.

சகோதரிகளே, கம்பியோ, ஒயர் கூடையோ, குரோஷாவோ, முறுக்குச் சுற்றுவதோ, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு நோட்டை எடுத்து நேரம் என்று ஒரு கட்டம் போடுங்கள். அதற்குப் பக்கத்தில் கூலி என்று ஒரு கட்டம். தெரிந்தவர்களுக்கு இனாமாகக் கொடுக்க ஆசையா, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எவ்வளவு கொடுத்தோம் என்பதை எழுதிவிட்டுக் கொடுங்கள். பிறந்தநாளுக்குத் தோழிக்கு ஒரு நெக்லஸ் இனாமாகக் கொடுத்தேன், என் நோட்டில் 'நாலு மணி நேரம், அன்பளிப்பு' என்று இருக்கிறது.

உங்கள் ஊரிலும் இந்த வேலை செய்பவர்கள் இருந்தால், நீங்கள் எப்படி விலை வைக்கிறீர்கள், எங்கே விற்கிறீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். எல்லோரும் தெரிந்துகொள்ளலாம்.

அன்புடன்,
உறையூர் வாசகி